கோப்பை அனுப்பும் முன்: ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

வகுப்பறையில் இணையவழிக் கோப்புப் பகிர்வைப் பயன்படுத்துவது குறித்து ஆசிரியர்களும் பெற்றோரும் எழுதிய கடிதங்களுள் பலருக்கும் பயன்படக் கூடியவற்றை இம்முறை எடுத்துக்கொள்கிறோம். எந்தச் செயலி சிறந்தது என்ற கேள்வியோடுதான் பெரும்பாலான கடிதங்கள் தொடங்குகின்றன. செயலியைத் தேர்வது இரண்டாவது வேலை. இந்தக் கோப்பை யார் பார்க்க வேண்டும், யார் திருத்தலாம், ஆண்டு முடிந்த பின் அது யாரிடம் இருக்க வேண்டும் என்ற மூன்றையும் முடிவு செய்வதே முதல் வேலை என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் அந்த மூன்றைச் சுற்றியே அமைகின்றன.

கேள்வி: எங்கள் பத்தாம் வகுப்புக்கு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். பாடக்குறிப்பு, வீட்டுப்பாடம், மாதிரி வினாத்தாள் எல்லாம் அதிலேயே போய்ச் சேர்கின்றன. பெற்றோர் அனைவருக்கும் அது பழகிய ஒன்று. கூகுள் டிரைவ், கிளாஸ்ரூம் என்று மாறுவதால் கூடுதலாக என்ன கிடைக்கும்?
– பட்டதாரி ஆசிரியை, கள்ளக்குறிச்சி மாவட்டம்

பதில்: வாட்ஸ்அப்பை விட்டுவிட வேண்டியதில்லை. அறிவிப்பதற்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். சேமித்து வைப்பதற்கு வேறு இடத்தைத் தேடுங்கள். ஜூன் மாதம் அனுப்பிய பாடக்குறிப்பை மார்ச் மாதத் திருப்புதல் தேர்வுக்காகத் தேடும் மாணவி, வாழ்த்துச் செய்திகளுக்கும் விடுமுறை அறிவிப்புகளுக்கும் நடுவே நெடுநேரம் அலைய வேண்டியிருக்கிறது. வந்தவுடன் பதிவிறக்கம் செய்யாமல் விட்ட கோப்பு நெடுநாள் கழித்துக் கிடைக்காமலும் போகலாம். அப்பாவின் கைபேசி பழுதாகி மாற்றப்பட்டால், அதற்குள் இருந்த பாடங்களும் அதனோடு போய்விடுவது பல வீடுகளில் நடக்கிறது.

டிரைவில் பாடவாரியாக ஒரு போல்டர் அமைத்து, அதன் லிங்க்கை மட்டும் குழுவில் அனுப்பி, அதைக் குழுவின் மேற்புறத்தில் 'பின்' செய்து வைத்தால் இந்தச் சிக்கல்கள் தீர்ந்துவிடும். நீங்கள் ஒரு குறிப்பில் பிழையைத் திருத்தினால் எல்லோருக்கும் திருத்திய வடிவமே தெரியும். குழுவில் அனுப்பிய கோப்பைத் திருத்த வேண்டுமானால் புதிய கோப்பொன்றை அனுப்ப வேண்டும். எது புதியது, எது பழையது என்ற குழப்பம் தேர்வு வரை தொடரும்.

எழுத்துகள் தெளிவாகத் தெரிய வேண்டிய வரைபடத்தையோ கணக்கையோ குழுவிலேயே அனுப்புவதானால், அதைப் புகைப்படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்புங்கள். புகைப்படமாகப் போகும்போது வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடுகிறது. டாக்குமென்டாகப் போகும்போது சுருக்குவதில்லை. முன்பு 100 மெகாபைட் வரை மட்டுமே அப்படி அனுப்ப முடிந்தது. 2022-இல் அந்த வரம்பு 2 ஜிகாபைட்டாக உயர்த்தப்பட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குழுவில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் மற்ற எல்லோருடைய கைபேசி எண்ணும் தெரிகிறது. பத்தாம் வகுப்பு மாணவிகள் தங்கள் சொந்த எண்ணில் அக்குழுவில் இருந்தால், அந்த எண்கள் அறிமுகமில்லாத பலரின் கைகளுக்குப் போவதற்குப் பள்ளியே வழிவகுத்ததாகிவிடும். பெற்றோரின் எண்களை மட்டும் சேர்த்து, செய்தி அனுப்பும் உரிமையை ஆசிரியர்களோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பானது.

கேள்வி: முப்பத்தைந்து மாணவர்கள் சேர்ந்து எழுத வேண்டிய ஆய்வுக் கட்டுரைக்காகக் கூகுள் டாக்ஸில் ஒரு கோப்பைத் திறந்து, யாரும் திருத்தலாம் என்று லிங்க்கை அனுப்பினேன். சமர்ப்பிக்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு யாரோ முழுவதையும் அழித்துவிட்டார்கள். யார் என்றும் தெரியவில்லை. இனி இந்த முறையே வேண்டாம் என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– உதவிப் பேராசிரியர், மதுரை

பதில்: முதலில், அழிந்தது அழியவில்லை. அந்தக் கோப்பைக் கணினியில் திறந்து, 'ஃபைல்' பட்டியலில் 'வெர்ஷன் ஹிஸ்டரி' என்ற பகுதிக்குச் செல்லுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கோப்பு எப்படி இருந்தது என்பது நாள், நேரத்தோடு அங்கே இருக்கும். அழிப்பதற்கு முந்தைய வடிவத்தைத் தேர்ந்தெடுத்து மீட்டெடுத்தால் கட்டுரை திரும்பிவிடும். கோப்பையே நீக்கியிருந்தாலும், உரிமையாளரின் டிரைவில் உள்ள 'டிராஷ்' பகுதியில் அது 30 நாள் இருக்கும். இதை மாணவர்களுக்கும் முதல் நாளிலேயே காட்டிவிடுவது நல்லது. தவறுதலாக அழித்த மாணவர் அச்சத்தில் மறைக்காமல், தானே மீட்டெடுத்து வைப்பார்.

யார் அழித்தார் என்று தெரியாததற்குக் காரணம் லிங்க்கின் அமைப்பு. 'லிங்க் வைத்திருக்கும் எவரும் திருத்தலாம்' என்று வைத்தால், கணக்கில் உள்நுழையாமல் வருபவரும் திருத்த முடியும்; அவர் பெயர் பதிவாவதில்லை. அந்த லிங்க் வகுப்புக்கு வெளியே போயிருந்தாலும் உங்களுக்குத் தெரிய வழியில்லை. மாணவர்களின் மின்னஞ்சல் முகவரிகளைச் சேர்த்து அவர்களுக்கு மட்டும் அனுமதி தந்திருந்தால், ஒவ்வொரு திருத்தமும் பெயரோடு பதிவாகியிருக்கும்.

ஆனால் இதைவிட அடிப்படையான ஒன்று இருக்கிறது. முப்பத்தைந்து பேர் ஒரே கோப்பில் எழுதுவது கூட்டுப்பணி ஆகாது. நான்கைந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு கோப்பு கொடுங்கள். அந்தக் குழுவுக்கு மட்டும் திருத்தும் உரிமையும், மற்றக் குழுக்களுக்குக் கருத்துச் சொல்லும் உரிமையும் தாருங்கள். பார்ப்பவர், கருத்துரைப்பவர், திருத்துபவர் என்று டிரைவ் மூன்று படிகளை வைத்திருக்கிறது. நடுவில் உள்ள கருத்துரைப்பவர் என்ற படியை வகுப்பறைகளில் மிகக் குறைவாகவே பயன்படுத்துகிறோம். கற்பித்தலுக்கு மிகப் பொருத்தமானது அதுதான். ஒரு மாணவரின் பத்தியில் இன்னொரு மாணவர் கைவைக்காமல், ஓரத்தில் 'இந்தத் தரவு எங்கிருந்து?' என்று கேட்கப் பழகுவது ஆய்வுக்கான நல்ல பயிற்சி.

தனித்தனியாக எழுத வேண்டிய பணியானால், வகுப்புப் பணிகளைக் கொடுத்து வாங்கும் கூகுள் கிளாஸ்ரூமில் 'ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நகல்' என்ற தெரிவு உண்டு. பணியை வெளியிடும்போதே அதைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். வெளியிட்ட பின் மாற்ற இயலாது. கிளாஸ்ரூம் இல்லாதவர்கள், கூகுள் டாக்ஸ் முகவரியின் கடைசியில் வரும் 'எடிட்' என்ற ஆங்கிலச் சொல்லையும் அதற்குப் பின்னால் உள்ளவற்றையும் நீக்கி, அந்த இடத்தில் ஆங்கிலத்தில் 'காப்பி' என்று இட்டு அனுப்பலாம். மாணவர்களுக்குப் பார்க்கும் உரிமை மட்டும் இருந்தாலே போதும். லிங்க்கைத் தொட்டவுடன் தமக்கென ஒரு நகல் எடுத்துக்கொள்ளும்படி கேட்கும், மூலக்கோப்பு தொடப்படாமல் இருக்கும்.

ஒரு வேண்டுகோள். யார் எத்தனை வரி எழுதினார் என்று பார்த்து மதிப்பெண் போடுவதற்கு வெர்ஷன் ஹிஸ்டரியைப் பயன்படுத்தாதீர்கள். வீட்டில் கணினி இல்லாத மாணவர் தாளில் எழுதிக் கொடுத்ததை, கணினி உள்ள நண்பர் தட்டச்சு செய்திருப்பார். பதிவில் நண்பரின் பெயர் மட்டுமே இருக்கும்.

கேள்வி: நான் வீட்டில் தட்டச்சு செய்து அனுப்பும் இலக்கணக் குறிப்புகள் மாணவர்களின் கைபேசியில் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன. பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பினால் சரியாகத் தெரிகிறது. அப்படியே தொடரலாமா?
– தமிழாசிரியர், தஞ்சாவூர்

பதில்: நீங்கள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அவ்வெழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருப்பவை. கணினியைப் பொறுத்தவரை உங்கள் கோப்பில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகள்தாம் இருக்கின்றன. பாமினியில் புள்ளிக்கு உரிய இடம் அரைப்புள்ளி. அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் 'அம்மா' என்ற சொல், நடுவே அரைப்புள்ளி விழுந்த சில ஆங்கில எழுத்துகளாகத் தெரிவது அதனால்தான்.

பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்துருவும் கோப்புக்குள் சேர்ந்துவிடுவதால் கண்ணுக்குச் சரியாகத் தெரிகிறது. ஆனால் உள்ளே இருப்பது பழைய குழப்பமேதான். மாணவர் அதில் 'வேற்றுமை' என்று தேடினால் கிடைக்காது. ஒரு வரியை நகலெடுத்துத் தம் குறிப்பில் ஒட்டினால் மீண்டும் ஆங்கில எழுத்துகள் வரும். பார்வைத்திறன் குறைந்த மாணவர் கைபேசியின் வாசிப்பு வசதியைக் கொண்டு கேட்க முயன்றால், பொருளற்ற ஒலிகளே கேட்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே பழைய எழுத்துருக்களைக் கைவிட வேண்டும் என்பேன்.

இதற்கு மாற்று யூனிகோடு; ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் அதற்கே உரிய தனி இடம் தரும் உலகப் பொதுக் குறியீட்டு முறை அது. அதன் முதல் பதிப்பு வெளிவந்த 1991-ஆம் ஆண்டிலிருந்தே தமிழுக்கு அதில் இடம் உண்டு. தமிழ்நாடு அரசும் 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. ஆனாலும் அச்சகங்களிலும் வினாத்தாள் தட்டச்சுக் கூடங்களிலும் பழைய எழுத்துருக்கள் தொடர்கின்றன. ஆசிரியர்கள் அங்கிருந்து பெறும் கோப்புகள் வழியாக அவை வகுப்பறைக்கும் வந்துவிடுகின்றன.

பழகிய விசைப்பலகையை மாற்ற வேண்டுமோ என்று அஞ்ச வேண்டாம். யூனிகோடில் தட்டச்சு செய்துகொண்டே பாமினி விசைமுறையைத் தொடர்வதற்கு மென்பொருள்கள் இருக்கின்றன. என்எச்எம் ரைட்டர் அவற்றுள் ஒன்று. பல ஆண்டுகளாகச் சேர்த்த குறிப்புகளை என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகளில் இட்டால் பெரும்பகுதி சரியாக மாறிவிடும். மாற்றிய பின் ஒருமுறை முழுதும் படித்துப் பாருங்கள். குறிப்பாக ஒகர, ஓகார, ஔகார எழுத்துகளையும், இடையே ஆங்கிலச் சொற்களும் எண்களும் வரும் இடங்களையும் கவனியுங்கள். ஆங்கிலமாகவே இருக்க வேண்டியவையும் தமிழ் எழுத்துகளாக மாறியிருக்கும்.

தட்டச்சுக் கோப்பே இல்லாமல் அச்சுத்தாள் மட்டும் இருக்கிறதென்றால், அதைத் தெளிவாக ஸ்கேன் செய்து டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்து பாருங்கள். தமிழ் எழுத்துகளை அது படித்துத் தரும். பழைய அச்சில் பிழைகள் கூடுதலாக இருக்கும். ஆனாலும் முழுவதையும் மீண்டும் தட்டுவதைவிடத் திருத்துவது விரைவான வேலை.

கேள்வி: என் ஜிமெயில் கணக்கின் 15 ஜிகாபைட்டும் நிறைந்துவிட்டது. மின்னஞ்சலே வருவதில்லை. மாணவர்களின் வீட்டுப்பாடப் படங்கள்தான் காரணமா?
– கணித ஆசிரியர், விழுப்புரம்

பதில்: பெரும்பாலும் அவைதான். ஜிமெயில், டிரைவ், கூகுள் போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்தே அந்த 15 ஜிகாபைட். கைபேசியில் எடுத்த ஒரு படம் 4 மெகாபைட் என்று வைத்தால், 40 மாணவர்கள் நான்கு பக்கம் வீதம் அனுப்பும் ஒரே வீட்டுப்பாடம் 640 மெகாபைட்டைப் பிடித்துக்கொள்ளும். இருபத்துநான்கு வீட்டுப்பாடங்களில் கணக்கு நிறைந்துவிடும். டிரைவ் செயலியிலேயே உள்ள ஸ்கேன் வசதியைக் கொண்டு, எல்லாப் பக்கங்களையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொல்லுங்கள். அளவு பல மடங்கு குறையும், பக்க வரிசையும் குலையாது. கூகுள் ஃபார்ம்ஸ் வழியாகக் கோப்பு வாங்கினால் அது உங்கள் கணக்கின் இடத்தைப் பிடிக்கும். மாணவர் தம் டிரைவில் வைத்து உங்களுக்குப் பகிர்ந்தால் அவர் கணக்கின் இடத்தையே பிடிக்கும். மதிப்பிட்டு முடித்த படங்களை டிராஷிலிருந்தும் நீக்கினால்தான் இடம் திரும்பும்.

கேள்வி: எங்கள் பள்ளி மலைப்பகுதியில் இருக்கிறது. கைபேசி அலைவரிசை சில இடங்களில் மட்டுமே கிடைக்கும். பாதி மாணவர்களின் வீட்டில் ஒரே ஒரு கைபேசி. அதுவும் தந்தை வேலைக்குப் போனால் அவரோடு போய்விடும். இணையவழிப் பகிர்வு எங்களைப் போன்றோருக்குப் பொருந்துமா?
– இடைநிலை ஆசிரியை, நீலகிரி

பதில்: உங்கள் கேள்வியை எல்லா ஆசிரியர்களும் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். வகுப்பில் மிக எளிய கைபேசி எந்த மாணவரிடம் இருக்கிறதோ, அவரால் திறக்க முடிகிற கோப்புதான் அந்த வகுப்புக்கு ஏற்ற கோப்பு.

முதலில் அளவைக் குறையுங்கள். பத்து நிமிடப் பாடத்தைக் காணொளியாக அனுப்பினால் 50 மெகாபைட்டைத் தாண்டிவிடும். அதையே குரல்பதிவாக அனுப்பினால் சில மெகாபைட்டுக்குள் அடங்கும். குரல்பதிவோடு ஒரு பக்கப் படமும் சேர்ந்தால் பெரும்பாலான பாடங்களுக்குப் போதும்.

அடுத்து, இணையமே இல்லாமல் பகிரும் வழிகள். ஒரு காலத்தில் எல்லோருடைய கைபேசியிலும் ஷேர்இட், சென்டர் (Xender) ஆகிய பகிர்வுச் செயலிகள் இருந்தன. 2020 ஜூன் இறுதியில் இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளுள் இவ்விரண்டும், மாணவர்கள் விடைத்தாள் ஸ்கேன் செய்யப் பயன்படுத்திய கேம்ஸ்கேனரும் அடங்கும். இவற்றின் போலிகளை எங்கெங்கிருந்தோ பதிவிறக்கிப் பயன்படுத்துவது ஆபத்து. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் இப்போது குயிக் ஷேர் உடன்வருகிறது; அருகருகே இருக்கும் இரு கைபேசிகளுக்கு இடையே இணையம் இல்லாமலே கோப்புகளை அனுப்பும். கணினியும் கைபேசியும் கலந்து இருக்கும் ஆய்வகத்தில் லோக்கல்சென்ட் என்ற இலவசத் திறமூலச் செயலி பயன்படும். எல்லாக் கருவிகளும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும். அந்த வைஃபையில் இணையம் இருக்க வேண்டியதில்லை.

பள்ளியில் ஒரு நல்ல கணினி இருந்தால் கொலிப்ரி என்ற மென்பொருளையும் பாருங்கள். இணையம் குறைந்த பள்ளிகளுக்காகவே உருவாக்கப்பட்டது அது. ஒருமுறை இணையம் கிடைக்கும் இடத்தில் பாடங்களை ஏற்றிக்கொண்டுவிட்டால், பிறகு பள்ளி வைஃபை வழியாகவே மற்றக் கருவிகளில் திறக்கலாம். விக்கிப்பீடியாவை இணையமின்றி வாசிக்கத் தரும் கிவிக்ஸிலும் தமிழ்ப் பதிப்பு உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு மாணவருக்குக் கோப்பு போய்ச்சேரவில்லை என்றால் அச்சிட்டுக் கொடுங்கள். எந்தப் பணியையும் இணையத்தில் மட்டுமே சமர்ப்பிக்க வேண்டும் என்று வைக்காதீர்கள். இரவு எட்டு மணிக்கு அப்பா வீடு திரும்பிய பின்னரே கைபேசியைத் தொடும் பிள்ளைக்கு மாலை ஆறு மணிக் கெடு பொருளற்றது.

கேள்வி: என் மகளின் பள்ளியில் எல்லா மாணவர்களின் மதிப்பெண்களும் உள்ள பட்டியலை ஒரே லிங்க்காகப் பெற்றோர் குழுவில் அனுப்பினார்கள். பெயர் இல்லை, வரிசை எண் மட்டும்தான் என்று சொல்கிறார்கள். இது சரியா?
– ஒரு தாய், கோயம்புத்தூர்

பதில்: சரியன்று. ஒரே வகுப்பில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒருவர் வரிசை எண் மற்றவருக்கு மனப்பாடம். பெயர் இருந்த பத்தியை மறைத்துவிட்டோம் என்பதும் பாதுகாப்பாகாது. பார்க்கும் உரிமை உள்ளவர் அந்தப் பட்டியலை நகலெடுத்துக்கொண்டு, மறைத்த பத்தியைத் தம் நகலில் திறந்துவிட முடியும். மேலும், 2023-இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்றே கொண்டு, அவர்களது தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கும் நெறியை வகுத்திருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். குறைந்த மதிப்பெண் எடுத்த பிள்ளையைப் பற்றி நாற்பது குடும்பங்கள் பேசுவதற்குப் பள்ளி இடம் கொடுக்கக் கூடாது. கிளாஸ்ரூமில் மதிப்பெண்ணும் தனிக்குறிப்பும் அந்தந்த மாணவருக்கு மட்டுமே தெரியும். அது இல்லாத பள்ளி தனித்தனிச் செய்தியாக அனுப்பலாம். இதைத் தலைமையாசிரியரிடம் எழுத்து மூலமாகக் கேளுங்கள். பெரும்பாலும் அறியாமல் செய்வதே தவிர வேண்டுமென்று செய்வதில்லை.

கேள்வி: பாடத்துக்குத் தொடர்புடைய நாவல்கள், வழிகாட்டி நூல்கள் ஆகியவற்றின் பிடிஎஃப்களை வகுப்பு டிரைவில் சேர்த்து வைத்திருக்கிறேன். கற்பித்தலுக்காகத்தானே, காப்புரிமைச் சட்டம் இதை அனுமதிக்கிறது என்கிறார் நண்பர். உண்மையா?
– முதுகலை ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: நண்பர் சொல்வதில் ஒரு பகுதி உண்மை. 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் 52-ஆம் பிரிவு, ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின் போக்கில் ஒரு படைப்பை நகலெடுப்பதை மீறலாகக் கருதுவதில்லை. இதன் பொருளைப் பற்றித்தான் தில்லிப் பல்கலைக்கழக நகலகம் ஒன்றின் மீது ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள் 2012-இல் வழக்குத் தொடுத்தன. பாடத்திட்டத்துக்குரிய பகுதிகளைத் தொகுத்து மாணவர்களுக்கு நகலெடுத்துத் தருவது குறித்த அந்த வழக்கில், 2016-இல் தில்லி உயர் நீதிமன்றம் மாணவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மறுஆண்டு பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன.

ஆனால் அந்த வழக்கு பாடத்துக்குத் தேவையான பகுதிகளைப் பற்றியது. விற்பனையில் இருக்கும் நாவல் முழுவதையும், லிங்க் கிடைத்த எவரும் எடுத்துக்கொள்ளும்படி வைப்பதற்கு அதிலிருந்து ஆதரவு தேட முடியாது. தமிழில் ஆயிரம் படி அச்சிட்டு, அவை விற்றுத் தீரவே காத்திருக்கும் சிறு பதிப்பகங்கள் பல. அவர்களின் நூலை முழுதாக ஸ்கேன் செய்து பரப்பும் ஆசிரியர், தாம் நேசிக்கும் இலக்கியத்தின் வேரிலேயே கைவைக்கிறார். பாடத்துக்கு வேண்டிய அத்தியாயத்தை மட்டும், உங்கள் மாணவர்களின் கணக்குகளுக்கு மட்டும் திறந்து, பருவம் முடிந்ததும் மூடிவிடுங்கள். வழிகாட்டி நூல்களை நீக்கிவிடுங்கள்.

தடையின்றிப் பகிரத்தக்கவை நம்மிடம் ஏராளம். இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கடந்த படைப்புகள் பொதுவுடைமை. அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் பட்டியல் நீளமானது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய நூல்கள் ஸ்கேன் வடிவில் இருக்கின்றன. 1998-இல் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தில் சங்க நூல்கள் முதல் இருபதாம் நூற்றாண்டு எழுத்துகள் வரை தேடத்தக்க வடிவில் உள்ளன. ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் நூலகம் நிறுவனத்தின் தளம் இருக்கிறது. பள்ளிப் பாடநூல்களும் அரசின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இவற்றைப் பதிவிறக்கி மீண்டும் ஏற்றுவதைவிட, மூலத்தளத்தின் லிங்க்கையே கொடுங்கள். மாணவர் ஒரு நூலைத் தேடிப் போன இடத்தில் வேறு பத்து நூல்களைக் காண்பார்.

கேள்வி: நான் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப் போகிறேன். மூன்று ஆண்டுகளாகப் பள்ளி கொடுத்த கணக்கில்தான் எல்லாச் செயல்திட்டங்களும் குறிப்புகளும் இருக்கின்றன. பள்ளியை விட்டதும் அவை என்ன ஆகும்?
– ஒரு மாணவி, சென்னை

பதில்: பள்ளிக் கணக்கு பள்ளியின் கட்டுப்பாட்டில் இருப்பது. நீங்கள் வெளியேறியதும் நிர்வாகி அதை மூடிவிடலாம். அப்போது அதிலிருந்த கோப்புகளும் போய்விடும். கூகுளின் டேக்அவுட் சேவையில் 'உங்கள் உள்ளடக்கத்தை இடம்மாற்று' என்ற பகுதி, பள்ளிக் கணக்கின் டிரைவ் கோப்புகளையும் மின்னஞ்சல்களையும் உங்கள் சொந்தக் கணக்குக்கு நகலெடுக்க உதவுகிறது. நிர்வாகி அந்த வசதியைத் திறந்து வைத்திருக்க வேண்டும். திறக்கவில்லை என்றால் கணினி ஆசிரியரிடம் கேளுங்கள். வேண்டியவற்றை மட்டும் பதிவிறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொள்வதும் ஒரு வழி. கூகுள் டாக்ஸ் கோப்புகள் வேர்டு வடிவில் இறங்கும். படிவங்களும் அட்டவணைகளும் சற்று இடம்பெயர்ந்திருக்கலாம் என்பதால், கணக்கு மூடப்படும் முன்பே ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துவிடுங்கள். பிறர் உங்களுக்குப் பகிர்ந்த கோப்புகள் உங்களுடையவை அல்ல. உங்கள் குழுவினர் உருவாக்கிய செயல்திட்டம் வேண்டுமானால் அவர்களிடம் சொல்லிவிட்டு ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பொதுத்தேர்வு முடிந்த வாரத்திலேயே இதைச் செய்வது நல்லது.